திரு இருதயப் படத்துக்குக் கீழே இருந்த பெட்டி

2024 மே 13, திங்கள்

மான் இரண்டு மதிலோரம் வந்து செவ்வரத்தைச் செடி முழுவதையும் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. எங்கள் நாய் றெக்ஸ் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. மனிதர் வந்தால்தான் அதற்கு வீரம்.

அண்ணாவின் ஸ்பீக்கர் இன்றைக்கும் இரைந்தது. அவருடைய மகள் சுலக்ஷனா கனடாவிலிருந்து அப்பாவுக்கென்று ஆசையாக அனுப்பினது. அல்பிரட் அண்ணா பாரிசவாதம் வந்து இரண்டு வருஷமாகப் பின் அறையில் படுக்கை. பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசையும். புதன்கிழமை நாங்கள் பன்னிரண்டு பெண்கள் ஹோலில் செபமாலை சொல்லிப் பாடுவது அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் இவ்வளவு பாடு. ஹோலில் மைக், மிக்ஸர். அங்கிருந்து குசினி வழியாக நாற்பது அடி வயர். அந்த நுனியில் ஸ்பீக்கர். பாட்டுப் போகிறது. கூடவே தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு ஙொய் என்ற இரைச்சலும் போகிறது. அண்ணா நெற்றியைச் சுருக்குகிறார். நாற்பது வருஷம் கோயிலில் பாடின ஆளின் காது அல்லவா.

றுவைசுக்கு போன் எடுத்தேன். நாளைக்கு வருகிறாராம். அவருடைய வாப்பா முனீப்பும் அண்ணாவும் துறைமுகத்தில் ஒரே இழுவைப் படகில் வேலை செய்தவர்கள். முனீப் கண்ணை மூடி மௌத்தான பிறகும் அந்த வீட்டோடு எங்களுக்குத் தொடர்பு விடவில்லை. எங்கள் கோயில் திருநாளுக்கு நாலு வருஷமாக ஸ்பீக்கர் கட்டுவதும் றுவைஸ்தான்.

மே 14, செவ்வாய்

"மாமி! நாயைப் பிடிங்கோ!"

றுவைஸ் வந்தால் கேற்றடியில் கேட்கிற முதல் சத்தம் இதுதான். குறிஞ்சாக்கேணியில் இருந்து பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருகிற மனிசன், எங்கள் வீட்டு எலும்பு நாய்க்குப் பயப்படுகிறார்.

நிலத்தில் குந்தியிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே குசினி வரைக்கும் போனார். பிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மாமி, இந்த வயருக்குள்ள பாட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு ஆள்தான் போறார். வழியில பிரிட்ஜ், தண்ணி மோட்டர் எல்லாம் அவர்ட தலையில தங்கட இரைச்சலையும் ஏத்தி விடுது. அங்க போய் இறக்கேக்க எது பாட்டு, எது இரைச்சலெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப என்ன செய்யிறது?"

"ரெண்டு பேரை அனுப்புவம். ஒருத்தர் பாட்டை நேரா கொண்டு போவார். மற்றவர் அதையே தலைகீழாக் கொண்டு போவார். வழியில இரைச்சல் ரெண்டு பேரிலயும் ஒரே மாதிரித்தான் ஏறும். ஸ்பீக்கருக்குள்ள போனதும் தலைகீழா வந்தவரைப் பிடிச்சு நிமித்திறது. அப்ப பாட்டு ரெண்டும் ஒண்டாச் சேரும். இரைச்சல் ஒண்டுக்கொண்டு எதிரா நிண்டு செத்துப் போகும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயர் நுனியில் மூன்று கால் இருந்தது. "பிதா, சுதன், பரிசுத்த ஆவியோ?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மூண்டாவது ஆள் காவல், மாமி. வெளியால நிக்கிறவர்."

சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஹோல் மேசையில், திரு இருதயப் படத்துக்குக் கீழே, மிக்ஸருக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்கிறது அந்தப் பெட்டிதானாம். கரண்டும் தேவையில்லையாம். அதுவரை மிக்ஸரையும் நீள வயரையும் சேர்த்திருந்த, ஸ்பீக்கரோடு வந்த குட்டி வயரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடச் சொன்னார். பிறகு அவருக்கு எப்போதும்போலப் பால் விடாத சாயத்தண்ணி. மூன்று கரண்டி சீனி.

மே 15, புதன்

ஒரு இரைச்சலும் இல்லை. அண்ணாவின் இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. இயேசுவே உமக்கு நன்றி.

யூன் 3, திங்கள்

திரு இருதய மாதம் பிறந்து மூன்று நாளாகிறது, வீடு இன்னும் ஒட்டறையோடு கிடக்கிறதே என்று காலையிலேயே தொடங்கிவிட்டேன். பிரிட்ஜை நிற்பாட்டிக் கழுவினேன். அலுமாரியைத் துடைத்தேன். புது விரிப்பு விரித்தேன். பூச்சாடி வைக்க மேசையில் இடம் போதவில்லை. ஆண்டவருடைய காலடியில் கறுப்பாக ஒரு பெட்டி. பார்க்கவே ஒரு மாதிரி. கழற்றி விரிப்புத் துண்டில் சுற்றி, மெழுகுதிரி லாச்சிக்குள் வைத்துவிட்டேன். அங்கேயே கிடந்த குட்டி வயரை எடுத்து முந்தினமாதிரிக் கொழுவினேன். எனக்கும் கொஞ்சம் கை வேலை தெரியும்.

மைக்கில் "அருள் நிறைந்த மரியே" சொல்லிப் பார்த்தேன். அண்ணாவின் அறையில் கணீரென்று கேட்டது. பெட்டி இல்லாமலும் பேசுகிறதே! பிறகு என்னத்துக்கு அந்தப் பெட்டி?

யூன் 5, புதன்



செபமாலையில் மூன்றாவது பத்து மணி சொல்லும்போது குசினியில் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அதோடு பின் அறையில் இருந்து அந்த ஙொய். முந்தியை விட மோசம். அண்ணா உள்ளே முனகினார். எல்லாரும் செபமாலையை விட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் எல்லாம் சுட்டது. போன கிழமைதான் "எங்கட வீட்டு ஸ்பீக்கரைப் போலக் கோயிலிலகூட இல்லை" என்று பெருமை அடித்தனான்.

செபம் முடிந்ததும் றோஸ் அக்கா கேட்டா, "இது ஆர் பூட்டினது?"

"றுவைஸ்."

"புதுச் சாமான் எண்டீர்?"

"புதுசுதான் அனுப்பினது. அவர் புதுசைக் கழட்டிக்கொண்டு போய்ப் பழசைப் போட்டிட்டார் போல கிடக்கு."

நான் சொன்னனான். நான்தான். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

றோஸ் அக்கா கையை விரித்து, "அவையின்ட ஆக்கள் அப்பிடித்தானே பிள்ளை" என்றா.

அதற்கு நான் "ஓம்" என்றேன். கையில் செபமாலை இருந்தது.

கோயில் திருநாள் குழுத் தம்பிராசாவின் மனுசியும் அங்கே இருந்தா.  கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தா.

யூன் 6, வியாழன்

அண்ணா கஞ்சி குடிக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறார். வயிற்றுக்குச் சரியில்லையோ என்று கேட்டேன். இடது கையைத் தூக்கி ஸ்பீக்கரைக் காட்டினார். பிறகு தன் வாயைத் தொட்டார். பிறகு என்னைக் காட்டினார்.

விளங்காமல் ஹோலுக்குப் போனேன். மைக்கில் சிவப்பு வெளிச்சம். நேற்றிலிருந்து நிற்பாட்டாமல் விட்டிருக்கிறேன்.

எல்லாம் கேட்டிருக்கிறார். செபத்துக்குப் பிறகு கதைத்த கதை முழுக்க. முனீப்பின் மகனைக் கள்ளன் என்று நான் சொன்னது, அந்த இரைச்சலுக்கு நடுவிலும், அவர் கட்டிலடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெழுகுதிரி எடுக்க லாச்சியைத் திறந்தேன். பெட்டி கிடந்தது. நான் கழட்டின பெட்டி. கழட்டினதை மறந்தனானோ? மறக்கவில்லை. நேற்று அவ்வளவு பேருக்கு முன்னால் நினைவுக்கு வர விடவில்லை, அவ்வளவுதான்.

திருப்பிப் பூட்டப் போனேன். பூட்டினால் இரைச்சல் நிற்கும். நின்றால் எப்படி நின்றதென்று கேட்பார்கள். லாச்சியை மூடினேன்.

யூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது தம்பிராசா வந்தார். திருநாள் குழுச் செயலாளர். நல்ல மனிசன், ஆனால் எதையும் ஒரு தரம் முடிவெடுத்தால் திரும்பமாட்டார்.

"அக்கா, நல்ல காலம் நேரத்தோட தெரிய வந்தது. உங்கட வீட்டுச் சாமானிலயே கை வைச்சவன், கோயில் சாமானை விடுவானோ? இந்த முறை சவுண்ட் வேலையை வேற ஆக்களிட்டக் குடுத்திட்டம்."

ஒன்பது நாள் நவநாள், சுற்றுப்பிரகாரம், திருநாள் பூசை. போன வருஷம் மழைக்குள் நனைந்துகொண்டு வயரைத் தோளில் போட்டு றுவைஸ் நின்றது கண்ணுக்குள் வந்தது. சொல்லியிருக்கலாம். "இல்லைத் தம்பி, நான்தான் கழட்டினனான்." ஐந்து சொல்லும் இல்லை.

"அப்பிடியோ?" என்றேன். அப்பிடியோ! வேறு ஒன்றுக்கும் என் வாய் இப்படிச் சுருக்கமாக நின்றதில்லை.

யூன் 11, செவ்வாய்

றெக்ஸ் குரைத்தது. கேற்றடியில் றுவைஸ். கூப்பிடவில்லை. நாயைப் பிடிக்கச் சொல்லவும் இல்லை. சும்மா நின்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஸ்பீக்கர் இரையுதாம். பாத்திட்டுப் போக வந்தனான்."

நேரே மேசைக்குப் போய் மிக்ஸரைப் போட்டார், பின் அறையில் ஙொய் என்றது. குட்டி வயரைப் பார்த்தார். 

"பெட்டி எங்க?"

லாச்சியைத் திறந்து விரிப்புத் துண்டோடு நீட்டினேன். சுற்றின சீலையை அவிழ்த்தார்.  பூட்டினார். வயரைக் கொழுவினார். பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரைச்சல் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. 

அப்போது கேட்டார். "நான் பழசைப் போட்டனெண்டு சொன்னீங்களாம். உண்மையா?"

"ஆக்கள் ஒவ்வொண்டு கதைப்பினம், தம்பி—"

பின் அறையில் டொம் என்று ஒரு சத்தம். திரும்ப டொம். அண்ணா இடது கையால் கட்டில் சட்டத்தில் குத்துகிறார்.

"ஓம்," என்றேன். "நான்தான் சொன்னனான். பெட்டியைக் கழட்டினதும் நான்தான்."

றுவைஸ் மேசையை விட்டு விலகினார். "புது வயர் ரெண்டு ரோல் திருநாளுக்கெண்டு எடுத்து வைச்சிருந்தனான்," என்றார். அண்ணாவின் அறைக்குள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் சாயத்தண்ணி ஊற்றினேன். மூன்று கரண்டி சீனி.

"வேணாம். அல்பிரட் மாமாவுக்காகத்தான் வந்தனான்."

வந்ததிலிருந்து போகும் வரைக்கும் என்னை ஒருக்காலும் மாமி என்று கூப்பிடவில்லை.

சாயத்தண்ணியை என்ன செய்வது? நானே குடித்தேன். தித்திப்பு நாக்கில் நின்றது.

யூன் 12, புதன்

இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். இரைச்சல் நின்றதைப் பார்த்து றோஸ் அக்கா, "பாத்தீரே, கதை பரவினதும் பயத்தில வந்து புதுசை வைச்சிட்டுப் போயிட்டான்" என்றா. எல்லாரும் தலையாட்டினார்கள்.  செபமாலையின் ஐந்து பத்து மணிக்கும் திறந்த வாய், இதற்குத் திறக்கவில்லை.

மைக்கைப் போட்டதும் அண்ணா கையை ஆட்டி ஸ்பீக்கரை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டினேன். எங்கள் செபம் அவருக்கு வேண்டாமாம்.

யூன் 15, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். வழமைபோல முதலில் சின்னப் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன் — கோபம், பொறுமையின்மை, மான்களைச் சபித்தது. சுவாமி, "வேற?" என்றார். பிறகுதான் சொன்னேன். முழுக்க. அந்த "ஓம்" உட்பட.

"பத்துச் செபமாலை சொல்லட்டோ சுவாமி? வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாட்டோட ஒருசந்தியும் இருக்கிறன்."

"செபமாலை உங்களுக்குச் சுகமான வேலை, அன்ரி. ஊருக்கு முன்னால சொன்ன பொய்யை என்னட்ட மட்டும் காதுக்குள்ள சொன்னாப் போதுமோ? ஆருக்கு முன்னால சொன்னீங்களோ, அவைக்கு முன்னால திருத்துங்கோ."

சின்னப் பெடியன் சுவாமி. குருப்பட்டம் பெற்று மூன்று வருஷம் இருக்கும். கோபம் வந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் அவரோடு மனதுக்குள் வாதாடினேன். நான் கெட்டவள் என்று தெரிந்தால் இந்தச் செபக்கூட்டம் என்னாகும்? சனம் வராமல் விட்டால்? ஆண்டவருடைய பெயருக்குத்தானே கேடு?

ஆண்டவருடைய பெயருக்கோ, இந்த அஞ்சலினாவின் பெயருக்கோ?

யூன் 17, திங்கள். ஹஜ்ஜுப் பெருநாள்

ஒவ்வொரு வருஷமும் முனீப் வீட்டுப் புரியாணி மத்தியானத்துக்கு முதல் வந்துவிடும். முனீப் மௌத்தான வருஷம்கூட வந்தது. இன்றைக்கு வரவில்லை. றெக்ஸ் இரண்டு மணி வரைக்கும் கேற்றடியில் இருந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்தது.

யூன் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

எல்லாரும் வந்து கதிரைகளில் இருந்ததும், செபத்துக்கு முதல், பின் அறைக்குப் போய் அண்ணாவிடம் கேட்டேன்: "இண்டைக்கு மட்டும் ஸ்பீக்கரைப் போடட்டோ? நான் ஒரு கதை சொல்லவேணும்." நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். அது ஓம்.

மைக்கைக் கையில் எடுத்தேன். பன்னிரண்டு பேருக்கு மைக் தேவையில்லை, என் தொண்டை துறைமுகம் வரைக்கும் கேட்கும். ஆனால் அண்ணாவுக்குக் கேட்கவேண்டும். அந்தப் பொய்யும் இதற்குள்ளால்தானே போனது.

"றுவைஸ் ஒண்டும் எடுக்கேல்ல. அவர் வைச்ச பெட்டியை நான்தான் கழட்டினனான், பூச்சாடி வைக்க. வெட்கத்தில அவரில பழியைப் போட்டிட்டன். தெரிஞ்ச பிறகும் ரெண்டு கிழமை பேசாமல் இருந்தனான். அவையின்ட ஆக்கள் அப்பிடி எண்டதுக்கு ஓம் எண்டதும் நான்தான்."

 பிறகு றோஸ் அக்கா:

"அப்ப என்னையும் சேத்துப் பொய்காரி ஆக்கிப் போட்டீர்!"

"நான் சொன்ன பொய்க்கு நீங்கள் தந்த தாளம், அக்கா, அது. தாளம் உங்கட சொந்தம்."

சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கிற இடத்திலும் என் வாய் வாய்தான். றோஸ் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. வாசல் வரைக்கும் போய் நின்றா. திரும்பி வந்து இருந்தா. முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, தொடங்கும்" என்றா. 

தம்பிராசாவின் மனுசி அங்கிருந்தே அவருக்கு போன் போட்டா. அவர், "இனி மாத்த ஏலாது, மற்ற ஆக்களுக்குச் சொல்லியாச்சு, அடுத்த வருஷம் பாப்பம்" என்றாராம்.

அடுத்த வருஷம்.

அண்ணா கஞ்சி முழுவதும் குடித்தார்.

யூன் 22, சனி

கிண்ணியா பஸ் ஏறி, ஓட்டோ பிடித்துக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். கடை வீட்டோடுதான். றுவைஸ் ஒரு பழைய ஆம்பிளிபயரை விரித்துப்போட்டு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் நின்றபடி சொன்னேன்: செபக்கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன், தம்பிராசாவுக்கும் தெரியும், திருநாள் வேலையைத் திருப்பி எடுத்துத்தர என்னால் ஏலவில்லை.

"சரி" என்றார். அவ்வளவுதான். ஈயப் புகை மேலே போனது.

மனைவி நஜ்முன் நிஸாதான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணி தந்தா. என் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னா: "வேற ஆர் சொல்லியிருந்தாலும் சிரிச்சிட்டு விட்டிருப்பார். ஊரில சொல்றதுதானே, கேட்டுக் கேட்டுப் பழகினது. மாமி சொன்னதாம் எண்டு கேட்டதும் ரெண்டு நாள் கடை திறக்கல்ல."

பழகினது என்றா. அதைக் கோபமில்லாமல் சொன்னா. கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து அழுதுகொண்டு வந்தேன். பாலத்தில் வரும்போது பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தா. பர்தா போட்ட பெண். நான் ஆர், எவர் என்று அவ கேட்கவே இல்லை.

யூன் 28, வெள்ளி

கோயில் திருநாள் கொடியேற்றம். புது ஆட்கள் கட்டின ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. இரையும், கரகரக்கும், எல்லாரும் றுவைசை நினைப்பார்கள் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. ஆண்டவர் அந்தச் சலுகையும் தரவில்லை.

யூலை 3, புதன்

றோஸ் அக்கா வந்தா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தப் பெடியனின்ட நம்பரைத் தாரும், என்ர வீட்டு ரேடியோ வேலை செய்யேல்ல" என்றா. அவவின் வீட்டில் ரேடியோ இருப்பது எனக்குத் தெரியாது. கொடுத்தேன்.

யூலை 8, திங்கள்

நேற்றுத் திருநாள் முடிந்தது. றுவைஸ் இல்லாமல் முடிந்தது. சுற்றுப்பிரகாரத்தில் நடக்கும்போது யாரும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

யூலை 10, புதன்

பின்னேரம் மூன்று மணி. செபத்துக்கு முதல் மைக்கைப் போட்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, அண்ணா கேக்குதோ?" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். றெக்ஸ் எழும்பி ஓடியது.

"மாமி! நாயைப் பிடிங்கோ!"

மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். திரும்பவும் கூப்பிட்டார், இன்னும் பலமாக. "மாமி! கடிச்சுப் போடும்!"

ஓடிப்போய்ப் பிடித்தேன். கையில் துளைக்கிற மெசினும், ஒரு சின்ன இரும்புத் தட்டும், நாலு ஆணியும்.

"என்னத்துக்கு இது?"

"அந்தப் பெட்டியைச் சுவரில பூட்டப் போறன். மாமியின்ட கை எட்டாத உயரத்தில."

பூச்சாடியை நானே எடுத்து நிலத்தில் வைத்தேன். அவர் கதிரையில் ஏறித் துளைக்கத் தொடங்கினார். அப்போதுதான் பின் அறையில் ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மைக் போட்டபடியே இருந்திருக்கிறது. கேற்றடியில் கத்தினது, நாய், நான் ஓடினது, ஆணிக் கதை, எல்லாம் ஒரு இரைச்சலும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அண்ணா பாதி வாயால் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

சாயத்தண்ணி ஊற்றப் போகிறேன். சீனி எத்தனை என்று இந்த முறை கேட்டுத்தான் போடவேண்டும்.